ஆப்பிரிக்காவில் முந்திரி ஆலை: அங்கே மேனேஜர் நம்ம ஆளா, அந்த ஊர் ஆளா?

முக்கூடல்காரன் (திங்கள், இரவு 9.20)

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு முந்திரிப் பருப்பு கம்பெனியில் ஹெச்.ஆர். பார்க்கிறேன். பச்சைக் கொட்டை எங்களுக்கு இத்தனை வருஷமாக ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகத்தான் வருகிறது. இப்போது முதலாளி ஐவரி கோஸ்ட்டில், புவாக்கே நகரத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக ஓர் ஆலை போடுகிறார். உலகத்திலேயே முந்திரிக்கொட்டை அதிகம் விளைகிற நாடு அது. கொட்டையாகவே கப்பல் ஏற்றாமல் உள்ளூரிலேயே உடைத்துப் பருப்பாக அனுப்ப வேண்டும் என்று அந்த அரசாங்கமும் சலுகை கொடுத்து ஆலைகளைக் கூப்பிடுகிறது. மெஷின், கட்டடம், கடன் எல்லாம் முடிவாகிவிட்டது. ஆள் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

முதலாளியின் திட்டப்படி மேனேஜர், கணக்கர், ஸ்டோர், பாய்லர், கிரேடிங் (பருப்பைத் தரம் பிரிப்பது) மேற்பார்வை எல்லாம் இங்கிருந்து போக வேண்டும். உடைக்கவும் தோல் எடுக்கவும் மட்டும் அங்குள்ள பெண்கள். "நம்ம ஆள் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்கிறார்.

நான் அந்த ஊர்ச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 2015-ல் வந்த தொழிலாளர் சட்டம். வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை. நம்முடைய 48 மணி ஷிப்ட் சார்ட்டை அப்படியே கொண்டுபோனால் ஆளுக்கு வாரம் 8 மணி ஓவர்டைம் முதல் நாளே ஆரம்பித்துவிடும். குறைந்தபட்சக் கூலி 2023-லிருந்து மாதம் 75,000 சிஎஃப்ஏ ஃபிராங்க் (அந்த நாட்டுப் பணம்). கிலோ கணக்கில் கூலி பேசினாலும் சராசரியாக வேலை பார்ப்பவருக்கு அதற்குக் குறையக் கூடாது. பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள், அவரைக் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். ஆபீஸ் காகிதமெல்லாம் பிரெஞ்சு. ஆலைக்குள் பெண்கள் பேசப்போவது பாவுலே, ஜூலா. இங்கிருந்து போகிற மேனேஜருக்கு இந்த மூன்றும் தெரியாது.

வெளிநாட்டில் ஆலையிலோ கம்பெனியிலோ இருந்தவர்கள் சொல்லுங்கள். யாரை எதற்கு அனுப்ப வேண்டும், எதை அங்குள்ளவர்களிடம் விட வேண்டும்?

வள்ளியூர் பாய்லர் (திங்கள், இரவு 10.45)

தம்பி, நான் தான்சானியாவில் முத்வாரா பக்கம் முந்திரி ஆலையில் இருந்தவன். கம்பெனி பேர் வேண்டாம்.

நாங்கள் எல்லோரும் ஒரு காம்பவுண்டுக்குள் இருந்தோம். நம்ம சமையல்காரர், நம்ம அரிசி, நம்ம டிவி. பாஸ்போர்ட் எல்லாம் "பத்திரமாக இருக்கட்டும்" என்று ஆபீஸ் அலமாரியில். அந்த ஊர்க்காரர்களோடு எங்களுக்கு இருந்த பேச்சு வேலைப் பேச்சு மட்டும்தான். அதுவும் பாதி சைகை.

உடைப்புப் பகுதியில் கொட்டைத் தோட்டிலிருந்து ஒரு எண்ணெய் வடியும். தோலில் பட்டால் புண்ணாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள். ஒரு சீசனில் விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது. உள்ளூரில் வேறு சமையல் எண்ணெய் கிடைக்கும், விலை ஒன்றும் பெரிதில்லை. பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த அம்மா காலையிலேயே வந்து கேட்டார். அந்த அம்மா 1970-களில் அந்த நாட்டு அரசாங்கம் கட்டிய பழைய முந்திரி ஆலையில் வேலை பார்த்தவர். எங்கள் எல்லோரையும்விடத் தொழில் தெரிந்தவர். ஆனால் ஒரு டின் எண்ணெய் வாங்க அவருக்கு அதிகாரம் இல்லை. எங்கள் மேனேஜருக்கும் இல்லை! பட்ஜெட்டில் இல்லாத செலவு என்றால் இந்தியாவுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி ஒரு கல்யாணத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை.

பெண்கள் கேட்டுக்கு வெளியே போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் போடவில்லை, கோஷம் இல்லை. சும்மா கையை விரித்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளங்கையில் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. நான் அவித்துப் போட்ட கொட்டை அப்படியே கிடந்தது. பிறகு உடைத்தபோது முழுப் பருப்பாக விழ வேண்டியது பாதிக்கு மேல் துண்டாக விழுந்தது. முழுசுக்கும் துண்டுக்கும் விலை வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன் வந்ததும் மேனேஜரைத்தான் திட்டினார்கள். அந்த மேஸ்திரி அம்மா அந்தச் சீசனோடு நின்றுவிட்டார். அவர் பழக்கிய பெண்களும் வேறு ஆலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் எங்கள் முழுப் பருப்பு வீதம் ஏறவே இல்லை.

அதனால் நம்ம ஆளா அவங்க ஆளா என்பதை அப்புறம் பேசுவோம். அங்கே இருக்கிற ஆளுக்கு முடிவெடுக்க உரிமை உண்டா, முதலில் அதைக் கேளுங்கள்.

அபிசேகப்பட்டி வாத்தியார் (செவ்வாய், காலை 7.10)

வள்ளியூர் அண்ணாச்சி சொன்னதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

1969-லேயே பெர்ல்மட்டர் என்பவர் பன்னாட்டு கம்பெனிகளின் மனப்போக்கை மூன்றாகப் பிரித்தார். தாய்நாட்டு ஆளே எல்லா இடத்திலும் தலைமை என்பது ஒன்று. அந்தந்த நாட்டை அந்தந்த நாட்டவரிடம் விடுவது இன்னொன்று. எந்த நாட்டவரானாலும் தகுதி உள்ளவர் எங்கேயும் போகலாம் என்பது மூன்றாவது. அவர் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய கம்பெனிகளை. இந்தியா, சீனா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து வெளியே போகிற கம்பெனிக்கு இன்னொரு பாரமும் உண்டு. போகிற ஊரில் அதன் பெயர் யாருக்கும் தெரியாது. நல்ல படிப்பும் அனுபவமும் உள்ள உள்ளூர்க்காரர் இதை நம்பி வருவாரா என்பதே சந்தேகம். வந்தாலும், மேலே போகிற ஏணி முழுக்க வெளியாட்களாக நின்றால் இரண்டே வருஷத்தில் வேறு வேலை தேடிக்கொள்வார்.

டாட்டா மோட்டார்ஸ் 2004-ல் கொரியாவில் தேவூவின் லாரி கம்பெனியை வாங்கியதைப் பாருங்கள். வாங்கும் முன்பே டாட்டா அதிகாரிகள் கொரிய மொழி படித்தார்கள். கம்பெனியைப் பற்றிய விளக்கங்களைக் கொரிய மொழியில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வாங்கிய பிறகும் தலைமையில் கொரியரையே வைத்தார்கள். 2008-ல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அங்கே ஒரு இந்தியர் தலைமை நிர்வாகியாக உட்கார்ந்தது 2025 நவம்பரில்தான், பி.பி. பாலாஜி. அதுவரை பதினேழு வருஷம் ஆங்கிலேயர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் என்று நடத்தினார்கள். பணம் பம்பாயிலிருந்து போனது, பொறுப்பு அங்கேயே இருந்தது.

சீனாவின் ஹையர் கம்பெனி 2000-ல் அமெரிக்காவில் தென் கரோலினாவின் கேம்டன் ஊரில் ஃப்ரிட்ஜ் ஆலை திறந்தது. சீனாவில் அவர்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு வேலையில் பின்தங்கியவர் தரையில் வரைந்திருக்கும் பாதத் தடத்தில் ஏறி நின்று, எல்லோர் முன்னாலும் தன் குறையைச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர்கள் அதில் ஏற மறுத்துவிட்டார்கள். அதே தடத்தில் அன்றைக்கு நன்றாக வேலை செய்தவரை நிற்க வைத்துப் பாராட்டுவதாக மாற்றினார்கள். அந்த மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் ஆலையில் இருந்தவர்களுக்கு இருந்ததால்தான் அது முடிந்தது.

மேலப்பாளையம் ஏற்றுமதி (செவ்வாய், காலை 11.30)

சார், டாட்டாவுக்கு அது சரி. அவர்கள் ஓடிக்கொண்டிருந்த கம்பெனியை வாங்கினார்கள். அங்கே ஏற்கெனவே மேனேஜர்கள், ஆடிட்டர்கள், முறைகள் எல்லாம் இருந்தன. முக்கூடல் தம்பியின் முதலாளி வெறும் நிலத்தில் ஆலை போடுகிறார். இரண்டும் ஒன்றாகாது.

நான் வெளிநாட்டில் சரக்குக் கொள்முதல் செய்கிறவன். முதலாளி பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும். அங்கே கொட்டை சீசன் பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் முடிந்துவிடும். வருஷம் பூராவும் ஆலை ஓடத் தேவையான சரக்கை அந்தச் சில மாதத்தில் வாங்கிக் கோடவுனில் போட வேண்டும். கிராமத்துக் களத்தில் ரொக்கமாகப் பணம் கைமாறும். ஈரம் எவ்வளவு, சொத்தை எவ்வளவு என்று கத்தியால் வெட்டிப் பார்த்து நின்ற இடத்தில் விலை சொல்ல வேண்டும். இதில் ஒரு ஆள் கை வைத்தால் கம்பெனியே போய்விடும். பேங்க் கடன் முதலாளியின் வீட்டுப் பத்திரத்தின் மேல் இருக்கிறது. சொந்தக்காரனை, ஊர்க்காரனை அனுப்புவதைச் சாதிப் புத்தி, குறுகிய புத்தி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நம்பிக்கை என்பது பழகிய இடத்தில்தானே முதலில் கிடைக்கிறது?

இன்னொன்று. ஃபுயாவ் என்ற சீனக் கண்ணாடிக் கம்பெனி அமெரிக்காவில் ஒஹையோவில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப் போன ஆலையை வாங்கி 2016-ல் திறந்தது. ஆரம்பத்தில் அமெரிக்கர்களைத்தான் தலைமையில் வைத்தார்கள். நஷ்டம் வந்ததும் அதே வருஷம் மாற்றிவிட்டுச் சீனர் ஒருவரைத் தலைமையில் வைத்தார்கள். ஆலை நின்றுவிடவில்லையே.

அபிசேகப்பட்டி வாத்தியார் (செவ்வாய், பகல் 1.05)

நிற்கவில்லைதான். ஆனால் மாற்றிய அடுத்த வருஷமே, 2017 நவம்பரில், அந்த ஆலையில் யூனியன் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்று 868, வேண்டும் என்று 444. கம்பெனி ஜெயித்தது. ஆனாலும் வாக்களித்தவர்களில் மூன்றில் ஒருவர் "எங்களுக்குப் பேச வேறு வழி வேண்டும்" என்று வாக்கால் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பேரை மனத்தாங்கலோடு வைத்துக்கொண்டு ஓட்டுவது முதலாளிக்கும் நிம்மதி தராது.

கொள்முதலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அதே காரணத்தை ஷிப்ட் சார்ட் போடவும் லீவு கொடுக்கவும் நீட்டினால்தான் வம்பு.

வி.கே.புரம் பேத்தி (செவ்வாய், இரவு 8.50)

நம் மாவட்டத்துக்கு இந்தக் கதை புதிதில்லை. நாம் இப்போது மறுபக்கத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

1885-ல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி நூற்பாலை கட்டினார்கள். எங்கள் ஊரே அந்த ஆலையால் வளர்ந்த ஊர். வீட்டில் மூன்று தலைமுறை அதில் வேலை. துரை ஸ்காட்லாந்திலிருந்து வருவார், மேஸ்திரி இங்கத்திய ஆள். தாத்தா அந்த ஆலையைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார். சம்பளம் ஒழுங்காக வரும், ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு ஆறவே இல்லை. நூல் எந்த மழைக்கு எப்படி அறும் என்று தெரிந்த ஆள் ஃபிட்டராகவே ரிட்டயர் ஆனார். நேற்றுக் கப்பலில் இறங்கியவருக்கு அவர் வணக்கம் வைக்க வேண்டும், வேலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதே ஹார்வி கம்பெனியின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் நடந்த வேலைநிறுத்தம் எல்லோருக்கும் தெரியும். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கேட்டது கூலி உயர்வு, வார விடுமுறை. சில நாளில் கம்பெனி இறங்கி வந்தது. மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலியே கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பில் கூலிக் கணக்கு மட்டுமா இருந்தது? தன் ஊரில் தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்ற ஆத்திரமும் சேர்ந்துதான் வெடித்தது.

முக்கூடல் தம்பி, உங்கள் முதலாளி நல்லவராகவே இருக்கலாம். புவாக்கேயில் கொட்டை உடைக்கிற பெண்ணுக்கு அவர் துரைதான். ஒரே ஒரு உள்ளூர்ப் பெண்ணாவது மேற்பார்வையாளராக மேலே வரும் வழியை முதல் நாளே எழுதி வையுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

தூத்துக்குடி அக்கா (புதன், காலை 6.40)

இப்போது நம் வாசலுக்கே ஒரு பாடம் வந்திருக்கிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடி சிப்காட்டில் மின்சாரக் கார் ஆலை கட்டி 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி திறந்தது. தொடக்கத்தில் வருஷத்துக்கு 50,000 கார் செய்யும் அளவு. 2017-ல்தான் கார்த் தொழிலுக்கே வந்த கம்பெனி அது. இந்த விவாதத்துக்கு அப்படியே பொருந்துகிறது: வளரும் நாட்டிலிருந்து கிளம்பி இன்னொரு வளரும் நாட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

அவர்களுடைய ஆள் வரலாறே படிக்க வேண்டியது. முதலில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த அமெரிக்கரைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். 2021-ல் ஓப்பல் கம்பெனியின் தலைவராக இருந்த ஜெர்மானியர் வந்தார், அந்த வருஷக் கடைசியிலேயே போய்விட்டார். 2024 ஜனவரியில் நிறுவனர் ஃபாம் நியட் வூங் தானே தலைமை நிர்வாகியாக உட்கார்ந்தார். வெளியே இருந்து பெரிய பெயரைக் கூப்பிடலாம். நிறுவனரின் கை ஸ்டியரிங்கை விடாதவரை அந்தப் பெயரால் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகள் இப்போது வியட்நாம் இன்ஜினியர்களிடம் வேலை பழகுகிறார்கள். இன்னும் ஐந்து வருஷத்தில் அந்த லைனை நடத்துவது யார் என்று நாம் இங்கே ஆவலாகப் பார்ப்போம் இல்லையா? புவாக்கேயில் இருப்பவர்களும் உங்களை அப்படித்தான் பார்ப்பார்கள், தம்பி.

குற்றாலச் சாரல் (புதன், காலை 10.15)

ஐ.டி. பக்கம் இருந்து ஒரு சொல். ஆளை அனுப்புவதே வழி என்று இருந்த எங்கள் தொழில் நிறைய அடி வாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் வெளிநாட்டுத் தொழில்நுட்ப ஆட்கள் வேலைக்குப் போகிற ஹெச்1பி விசா வருஷத்துக்கு மொத்தம் 85,000. போதாததால் கம்பெனிகள் குறுக்கு வழி தேடின. விசா விவகாரத்தில் இன்ஃபோசிஸ் 2013-ல் 3.4 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தது. 2017-ல் அதே கம்பெனி அமெரிக்காவில் 10,000 அமெரிக்கர்களை வேலைக்கு எடுப்பதாக அறிவித்தது. 2025 செப்டம்பரில் புது ஹெச்1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வந்துவிட்டது. அந்த நாட்டு ஆளை வளர்த்து வைத்தவர்கள் இப்போது ஓரளவு தாங்குகிறார்கள்.

இன்னொரு வழி தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிறது. ஸோஹோ 2011-லிருந்து அங்கே ஆபீஸ் வைத்து, உலகம் பூராவும் விற்கிற மென்பொருளை நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்தே எழுதுகிறது. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளைத் தாங்களே பயிற்றுவித்து எடுக்கிறார்கள். முந்திரியில் அது முடியாது, கொட்டை அங்கேதான் இருக்கிறது. ஆனால் சான்றிதழைப் பார்த்து ஆள் தேடாமல் அந்த ஊரிலேயே ஆளை உருவாக்கலாம் என்ற பகுதி உங்களுக்கும் உதவும்.

முக்கூடல்காரன் (புதன், இரவு 9.55)

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்ன எண்ணெய் டின் கதையை முதலாளியிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மேனேஜர் கையில் மாதம் இவ்வளவு என்று கொடுத்துவிடு, கேட்காமல் செலவு செய்யட்டும்" என்றார். அந்த மேனேஜர் யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது சம்பளம் இடிக்கிறது. இங்கிருந்து போகிறவருக்கு இங்கத்திய சம்பளம், அங்கே டாலரில் படி, தங்க இடம், சாப்பாடு, வருஷம் ஒரு டிக்கெட். அதே ஆபீஸில் பட்டப்படிப்பு படித்த உள்ளூர்க் கணக்கருக்கு இதில் கால்வாசிகூட வராது. பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒளித்து வைக்கவும் முடியாது.

அடுத்தது பி.எஃப். ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் போன்ற நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே கட்டினால் அங்கே விலக்கு கேட்கலாம். ஐவரி கோஸ்ட்டோடு அப்படி ஒப்பந்தம் இல்லை, அதனால் அந்த விலக்கும் கிடைக்காது. நம்ம ஆள் ஒவ்வொருவரும் நாம் நினைப்பதைவிடச் செலவு அதிகம்.

வள்ளியூர் பாய்லர் (புதன், இரவு 11.20)

செலவு அதிகம் என்கிறீர்களே, போனவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையும் ஹெச்.ஆர். நினைக்க வேண்டும். மலேரியாவில் விழுந்து எழுந்து, பிள்ளை பிறந்ததைப் போனில் பார்த்து, கடைசியில் ஊருக்கு வந்தபோது என் நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். "கொஞ்ச நாள் பாருங்கள்" என்றார்கள். நான் கற்றுக்கொண்டு வந்த சுவாஹிலியும் அந்த ஊர் நெளிவுசுளிவும் யாருக்கும் வேண்டாமல் போனது. அடுத்த பேட்ச் கிளம்பியபோது ஒருவர்கூட என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்கவில்லை.

போகும்போதே எழுத்தில் கொடுங்கள்: எத்தனை வருஷம், திரும்பினால் என்ன வேலை. பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கடைசி வாரம் அலைய விடாதீர்கள், குறைந்தது பத்து நாளுக்கு முன்னால் போட்டால்தான் செல்லும். காம்பவுண்டுக்குள் அடைக்காதீர்கள், டவுனில் வீடு எடுத்துக் கொடுங்கள். காய்கறி வாங்கப் போகிற இடத்தில் படிகிற பாஷை ஆபீஸில் படியாது.

மேலப்பாளையம் ஏற்றுமதி (வியாழன், காலை 9.00)

பாய்லர் அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். கொள்முதலும் பேங்க் கையெழுத்தும் முதல் இரண்டு சீசனுக்கு நம்ம ஆளிடம் இருக்க வேண்டும். இதில் நான் மாற மாட்டேன். ஆலைக்குள் நடப்பது, ஆள் எடுப்பது, லீவு, கூலிப் பேச்சு, லேபர் ஆபீஸ் இவையெல்லாம் அந்த ஊர் மேனேஜரிடம் போகட்டும். ஆனால் மருமகளிடம் அடுப்பைக் கொடுத்துவிட்டு உப்பு டப்பாவை இடுப்பில் செருகிக்கொள்கிற மாமியார் மாதிரி, அவர் போடுகிற ஒவ்வொரு காகிதத்திலும் நம்ம ஆள் கையெழுத்து வேண்டும் என்று வைத்தால் கொடுத்ததாகவே ஆகாது.

வி.கே.புரம் பேத்தி (வியாழன், காலை 9.25)

இரண்டு சீசன் என்றால் இரண்டு சீசன். அதற்குப் பிறகு கொள்முதலை யார் எடுக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் அண்ணாச்சி. தேதி போடாத வாக்கு எங்கள் ஆலையில் நிறையக் கேட்டோம்.

முக்கூடல்காரன் (சனி, மாலை 5.30)

முதலாளியிடம் கொடுத்த குறிப்பின் சாரம் இது. ஆலை மேனேஜர் அந்த நாட்டவர், முந்திரியோ பருத்தியோ ஏதாவது ஓர் ஆலையை நடத்திய அனுபவம் வேண்டும். இங்கிருந்து மூன்று பேர் மட்டும்: கொள்முதல், பாய்லர், கிரேடிங். பாய்லரும் கிரேடிங்கும் போகிற முதல் நாளே ஆளுக்கு இரண்டு உள்ளூர்க்காரரைப் பக்கத்தில் வைத்துப் பழக்க வேண்டும், அவர்கள் தேறினால்தான் இவர்களுக்கு ஊக்கத்தொகை. கொள்முதலில் உள்ளூர் ஆள் முதல் சீசனிலிருந்தே கூடப் போவார், மூன்றாவது சீசனில் எடுத்துக்கொள்வார். உடைப்பு, தோல் எடுப்புப் பகுதிகளின் மேற்பார்வை முழுக்க அங்குள்ள பெண்களிடம். கைக்கு எண்ணெய், கையுறை வாங்க அவர்களே கையெழுத்துப் போடலாம். ஷிப்ட் 40 மணிக்கு. போய் வருகிறவருக்கு இங்கே வேலை என்ன என்பது ஆர்டரிலேயே இருக்கும்.

முதலாளி மூன்று பேர் என்பதை நான்காக்கினார், கணக்கருக்காக. மற்றதை ஒப்புக்கொண்டார். மேனேஜர் வேலைக்குப் பிரெஞ்சில் விளம்பரம் எழுத வேண்டும். பாண்டிச்சேரியில் நல்ல மொழிபெயர்ப்பாளர் யாரையாவது தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள். வள்ளியூர் அண்ணாச்சி, கிளம்புகிற பையன்களை உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் கூட்டி வரலாமா?

வள்ளியூர் பாய்லர் (சனி, மாலை 6.10)

ஞாயிற்றுக்கிழமை கூட்டி வாருங்கள். பாய்லருக்குப் போகிற பையன் ஒரு நோட்டோடு வரட்டும்.